கிளம்ப எடுத்த ஒரு மணி நேரம்

மார்லிஸ் ஹாகனுக்கு ஆகாத விஷயங்கள் இரண்டு. ஒன்று பொய், இன்னொன்று தாமதம். மினசோட்டாவின் வடகோடியில் முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஒரு பூட்ஸைக் காலிலும் இன்னொன்றைக் கையிலும் வைத்துக்கொண்டு பனியில் ஓடி வருகிற பிள்ளையைக் கண்ணாடியில் பார்த்தபடியே கதவை மூடி வண்டியை எடுத்துவிடுவாள். கேட்டால், "அப்பத்தான் நாளைக்கு ஒழுங்கா வரும்" என்பாள். மறுநாள் அது ஒழுங்காக வந்ததும் உண்மைதான்.

இப்பேர்ப்பட்டவளுக்குத்தான் வெர்லின் புருஷனாக வாய்த்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வெர்லின் இரண்டு கையாலும் தொடையைத் தட்டி, "சரி, அப்ப கிளம்பறேன்" என்று எழுந்திருப்பான். எழுந்தவன் இன்னொரு கோப்பை காபி ஊற்றிக்கொள்வான். கோட்டை மாட்டுகிற இடத்தில் யாருடைய முட்டி ஆபரேஷனைப் பற்றியோ ஒரு விசாரணை. வாசற்படியில் பனி பற்றி ஒரு பேச்சு. அதற்குள் மார்லிஸ் வண்டியில் ஏறி எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரைப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கல்யாணமாகி நாற்பது வருடத்தில் பாதியை அந்த வண்டிக்குள்தான் கழித்தேன் என்று அவள் சொல்வதில் பெரிய மிகை இல்லை.

மாவட்ட நீதிமன்றத்தின் மேல்மாடி அறையில், மற்ற பதினோரு ஜூரர்களோடு உட்கார்ந்து, வெண்டெல் ஃபாஸ் கொலைகாரன்தான் என்று இன்றைக்கு மேசையைத் தட்டிக்கொண்டிருந்ததும் இவளேதான்.

"நான் நேராவே கேக்கறேன், டெல்மர். அந்த ஒரு மணி நேரம் அவன் அங்க என்ன பண்ணினான்?"

டெல்மர் க்வாம் பால் பண்ணைக்காரர். பதினோரு பேர் 'குற்றவாளி' என்று எழுதிப் போட்ட தொப்பியில் 'இல்லை' என்று ஒற்றைச் சீட்டைப் போட்டவர் அவர்தான். பன்னிரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னால்தான் தீர்ப்பு செல்லும். பெரிய உடம்பைச் சின்ன நாற்காலியில் ஒடுக்கிக்கொண்டு நேற்றிலிருந்து திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

"தெரியலையே, மார்லிஸ்."

"தெரியலன்னா எப்படி?"

"அவனுக்கே சொல்லத் தெரியல. எனக்கு எப்படித் தெரியும்?"

"சொல்லத் தெரியலன்னா என்ன அர்த்தம்? பொய் சொல்றான்னு அர்த்தம்!"

விஷயம் இதுதான். லாய்ட் ராம்ஸ்டாட் மனைவியை இழந்த தனிக்கட்டை. வெண்டெல் ஃபாஸ் அவனுடைய ஏரிக்கரைப் பக்கத்துவீட்டுக்காரன், சின்ன வயதிலிருந்தே சிநேகிதன். போன கோடையில் இருவருக்கும் பொதுவான படகுத்துறையை எங்கே போடுவது என்று ஆரம்பித்த சண்டை முற்றிப்போய், தீவனக் கடையில் நாலு பேர் முன்னால் வெண்டெல், "அவனை ஒரு நாள் தொலைச்சுக் கட்டிடறேன்" என்று கத்தியிருக்கிறான். டிசம்பரில் ஒரு மாலை லாய்டின் வீட்டுக்குப் போயிருக்கிறான். சமாதானமாகப் போவதற்காகத்தான் போனேன் என்றான். மறுநாள் காலை லாய்ட் தன் கொட்டகை வாசலில் மண்டை உடைந்து கிடந்தான். பக்கத்தில் ஏரிப் பனியை உடைக்கிற இரும்புக் கம்பி. ஷெரிஃபுக்குப் போன் செய்தவனும் வெண்டெல்தான். போனை எடுக்கவில்லையே என்று பார்க்கப் போனேன், தூக்கி மடியில் போட்டுக்கொண்டேன் என்றான். அவன் கையுறையெல்லாம் லாய்டின் இரத்தம்.

இதையெல்லாம் தாண்டியும் ஒருவேளை ஜூரி யோசித்திருக்கும். அவனை முடித்தது அந்த ஒரு மணி நேரம். எப்போது அங்கிருந்து கிளம்பினாய் என்று துப்பறியும் அதிகாரி கேட்டதற்கு வெண்டெல், "வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிட்டேன்" என்று சொல்லி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தான். ஆனால் ரோட்டுக்கு எதிர்ப்புறம் இருக்கும் எஸ்தர் லிண்ட் என்கிற அம்மாள் வந்து, இருட்டிப் போய், டிவியில் மாலைச் செய்தி ஓடுகிற நேரத்திலும் வெண்டெலின் பிக்கப் லாய்டின் முற்றத்தில்தான் நின்றது என்று சாட்சி சொல்லிவிட்டார். தலைநகரத்திலிருந்து வந்திருந்த அரசு வக்கீல் ஒரு பெரிய அட்டையில் அந்த நேரத்தைச் சிவப்புக் கட்டமாகப் போட்டு ஜூரியின் கண்ணுக்கு நேரே நிறுத்திவைத்தார்.

"இந்த ஒரு மணி நேரம் என்ன செஞ்சீங்க, மிஸ்டர் ஃபாஸ்?"

வெண்டெல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். "ஒண்ணும் செய்யலைங்க. கிளம்பிட்டிருந்தேன்."

"ஒரு மணி நேரமா?"

"ஆமாங்க."

"கடைசியா அவர் உங்ககிட்ட என்ன சொன்னார்?"

"மான் குறுக்க வரும், பாத்துப் போன்னான்."

அரசு வக்கீல் சிரித்தார். வெண்டெலின் சொந்த வக்கீலே தலையைக் குனிந்துகொண்டார். அவரும் வெளியூர்தான், சிகாகோ பக்கம். மார்லிஸுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பொய் சொல்வதென்றால் கொஞ்சம் புத்தியோடாவது சொல்லக்கூடாதா என்று அப்போதே அவள் மனசுக்குள் தீர்ப்பை எழுதிவிட்டாள்.

"அந்த ஐஸ்கிரீம் வாளியை மறந்துடாதீங்க" என்று எடுத்துக் கொடுத்தார் ரோல்ஃப் அம்டால். இன்ஷூரன்ஸ்காரர், ஜூரித் தலைவர். வெண்டெலின் பிக்கப் சீட்டில் லாய்டின் ஃப்ரீசரிலிருந்து வந்த மான்கறி சாசேஜ் ஒரு ஐஸ்கிரீம் வாளி நிறைய இருந்தது. கொன்றதோடு நிற்காமல் கறியையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான் என்பது அரசுத் தரப்பு.

"செத்தவர் வீட்டு செருப்போட கிடந்தார். அந்தப் பனியில, வெறும் வீட்டு செருப்பு!" என்றாள் மார்லிஸ். "மேல கோட்டைப் போட்டுக்கிட்டு, கால்ல செருப்பு. வீட்டுக்குள்ளேருந்து இழுத்துட்டு வந்திருக்கான்னு வக்கீல் சொன்னாரே, வேற எப்படி ஒருத்தர் அந்தக் கோலத்துல வெளிய வருவார்? சொல்லுங்க டெல்மர்."

டெல்மர், கொட்டகையிலிருந்து லாய்டின் படகு மோட்டார் காணாமல் போனதை மட்டும் ஈனக் குரலில் நினைவுபடுத்தினார். அந்தக் குளிர்காலம் முழுக்க ஏரிக்கரைக் கொட்டகைகளில் திருட்டு நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததே. அதையும் வெண்டெலே எடுத்து ஒளித்திருப்பான் என்று ரோல்ஃப் ஒரே வரியில் மூடிவிட்டார்.

டெல்மர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்தது வேர்வையா வேறெதுவுமா என்று யாரும் கேட்கவில்லை.

"எனக்குப் பேச வராது" என்றார். "அவனைப் பாத்தா எனக்கு அப்படித் தோணல, அவ்வளவுதான். ஆனா பதினோரு பேரும் தப்பா இருப்பீங்களா? சரி. சாப்பிட்டு வந்து நானும் உங்க பக்கமே சொல்லிடறேன்."

அறை முழுக்க ஒரு பெருமூச்சு. வெண்டெல் ஃபாஸுக்கு அறுபத்தெட்டு வயது. முதல்தரக் கொலைக்கு ஆயுள் தண்டனை. அவன் சிறையிலிருந்து சவப்பெட்டியில்தான் வெளியே வருவான். மதியச் சாப்பாடு ஒன்றுதான் அவனுக்கும் அதற்கும் நடுவில் மிச்சம் இருந்தது.

நீதிமன்றக் காவலர் ஹார்லன் கதவைத் திறந்து தலையை நீட்டினான். தொந்தியும் சாவிக்கொத்துமாக இருக்கிற இந்த ஹார்லன் ஒரு காலத்தில் மார்லிஸின் பேருந்தை இரண்டு தடவை தவறவிட்டவன். இன்னும் அவளைக் கண்டால் விறைத்து நிற்பான்.

"கஃபேல மேசை போட்டு வெச்சிருக்காங்க. சூடா வான்கோழி சாண்ட்விச். போலாமா?"

ரோல்ஃப் இரண்டு தொடையையும் தட்டி, "சரி, அப்ப கிளம்பலாம்" என்று எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். மார்லிஸ் கோட்டை மாட்டி, தொப்பியை இழுத்துவிட்டு, முதல் ஆளாகக் கதவருகே போய் நின்றாள்.

நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள்.

ரோல்ஃப் கோட்டின் ஒரு கையை மட்டும் மாட்டிக்கொண்டு, தன் மருமகன் வாங்கிய பனி வண்டியைப் பற்றி யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். ஜன்னல் பக்கம் மூன்று பேர் ஏரியில் பனி இந்த வருடம் எப்போது உருகும் என்று பந்தயம் பேசினார்கள். மேசையில் மிஞ்சியிருந்த கடைசி எலுமிச்சைக் கேக் துண்டை "நீங்க எடுத்துக்கங்க", "ஐயோ, வேணாம், நீங்க" என்று பாதியாகவும் பாதியில் பாதியாகவும் வெட்டிக்கொண்டே போனார்கள். எதிர்க்க ஆளில்லாமல் போன சந்தோஷத்தில், இப்போது டெல்மரிடம்தான் எல்லோருக்கும் அன்பு பொத்துக்கொண்டு வந்தது. அவருடைய மாட்டுக்கு மடிவீக்கம் தேவலையா என்று ஒருத்தர் கேட்டார்.

"ஹார்லன், இவங்களைக் கொஞ்சம் அதட்டேன்" என்றாள் மார்லிஸ்.

"நான் சொல்லி யாரு கேக்கறா? கிளம்பிட்டாங்க, வந்துடுவாங்க" என்ற ஹார்லன், கதவில் சாய்ந்துகொண்டு அவளிடமே வெர்லினின் முதுகுவலியைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தான்.

ரமோனா இபார்ரா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். அவளும் ஜூரர்தான்; டெக்சஸில் எல் பாசோவிலிருந்து வந்து இந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவள். காலையில் அவசரத்தில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தாள்.

"கடவுளே! உங்க ஊர் ஆளுங்களுக்கு என்னதான் வியாதி?" என்று வெடித்தாள். "கிளம்பலாம்னு சொல்லி எவ்வளவு நேரம் ஆச்சு? கோட்டைப் போட்டுட்டு நின்னு நின்னு எனக்கு வேர்த்து ஊத்துது! நான் இங்க வந்த புதுசுல வீட்டுக்கார அம்மா சாப்பிடக் கூப்பிட்டாங்க. 'சரி, கிளம்பறேன்'னு சொல்லிட்டு நான் பாட்டுக்கு எழுந்து வந்துட்டேன். மறுநாள் அந்தம்மா போன் பண்ணி அழாத குறை. என்னம்மா கோபம், கிளம்பறேன்னு சொன்ன உடனே கிளம்பிட்டியேங்கறாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்புறம் கத்துக்கிட்டியா இல்லையா?" என்றார் ரோல்ஃப்.

"கத்துக்காம? வாசல்ல அரை மணி நேரம். கையில ஏதாவது திணிப்பாங்க, வேணாம் வேணாம்னு மூணு தடவை சொல்லி வாங்கிக்கணும். அப்புறம் கார் வரைக்கும் பின்னாடியே வருவாங்க. கண்ணாடியை இறக்கச் சொல்லி அங்க ஒரு கச்சேரி. இந்தக் குளிர்ல, வீட்டு செருப்போட! எங்க ஊர்ல அப்படி யாராவது நின்னா டாக்டரைக் கூப்பிடுவோம்."

மறுபடியும் சிரிப்பு. மார்லிஸ் மட்டும் சிரிக்கவில்லை. ஹார்லன் முதுகுவலிக்கு ஏதோ தைலம் சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் விழவில்லை.

"ரமோனா" என்றாள். "இப்ப சொன்னதைத் திருப்பிச் சொல்லு."

"எதை? டாக்டரையா?"

"செருப்பை."

ரமோனா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, நிதானமாகச் சொன்னாள். "கோட்டை மேல போட்டுக்கிட்டு, வீட்டு செருப்போட கார் பக்கத்துல வந்து நிப்பாங்கன்னு சொன்னேன்."

மார்லிஸ் தொப்பியைக் கழற்றினாள். கோட்டைக் கழற்றினாள். மேசைக்குத் திரும்பி வந்து, தன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"ரோல்ஃப், கதவைச் சாத்துங்க. யாரும் சாப்பிடப் போகல."

"என்னம்மா இது, வான்கோழி ஆறிப் போயிடும்..."

"போகட்டும். எல்லாரும் உக்காருங்க. ஹார்லன், நீ வெளிய இரு."

அந்தக் குரலுக்கு முப்பது வருடப் பிள்ளைகள் அடங்கியிருக்கிறார்கள். பத்துப் பேரும் உட்கார்ந்தார்கள். ரமோனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகியபடி பதினோராவதாக உட்கார்ந்தாள்.

"ரோல்ஃப், நீங்க எப்பக் கிளம்பினீங்க?"

"எங்க?"

"சாப்பிடறதுக்கு. 'கிளம்பலாம்'னு சொன்னீங்களே. அப்பவே கிளம்பிட்டீங்கதானே?"

"ஆமா."

"எங்க போயிட்டீங்க?"

ரோல்ஃப் தன் கோட்டைக் குனிந்து பார்த்தார். இன்னமும் கோட்டின் ஒரு கைதான் மாட்டியிருந்தது.

மார்லிஸ் கழற்றிய தொப்பியை மேசைமேல் வைத்தாள். "என் வெர்லினைப் போன ஞாயிறு யாராவது கூப்பிட்டு, சர்ச்ல இருந்து எப்பய்யா கிளம்பினேன்னு கேட்டா, 'பாட்டு முடிஞ்சதுமே கிளம்பிட்டேன்'னுதான் சொல்வான். பைபிள் மேல கை வெச்சு சொல்வான். பொய்யே இல்ல. ஆனா எங்க வண்டி அங்கதான் நிக்கும். உள்ள நான் உக்காந்திருப்பேன், எஞ்சினை ஓடவிட்டு, அவனைத் திட்டிக்கிட்டு. எனக்குத் தெரியாதா? உலகத்துலேயே இது எனக்குத்தானே நல்லாத் தெரியும்? மூணு வாரமா கோர்ட்டுல உக்காந்து அந்த செவப்புக் கட்டத்தையே பாத்துட்டு இருந்தேனே!"

வெண்டெல் சொன்ன வார்த்தை இப்போதுதான் எல்லோருடைய காதுக்கும் வந்து சேர்ந்தது போல இருந்தது. ஒன்றும் செய்யவில்லை, கிளம்பிக்கொண்டிருந்தேன். நகரத்து ஆள் அதை அட்டையில் எழுதிக் காட்டியதும், தினமும் தாங்கள் செய்கிற காரியம் தங்களுக்கே அடையாளம் தெரியாமல் போயிருக்கிறது.

"அந்த சாசேஜ்..." என்று இழுத்தார் டெல்மர்.

"எடுத்துட்டுப் போன்னு குடுத்தது" என்றாள் மார்லிஸ். "வெறுங்கையோட எவனை விட்டிருக்கோம் நாம?"

"இல்ல, ஐஸ்கிரீம் வாளியில இருந்துச்சு. திருடறவன் வாளியில போட்டு மூடி போடுவானா? வாளியில போட்டா என்ன அர்த்தம்? வாளியைத் திருப்பிக் குடுக்கற சாக்குல மறுபடி வான்னு அர்த்தம்." டெல்மர் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. பேசிவிட்டு அவரே கொஞ்சம் மிரண்டுபோனார். "அப்படின்னா சண்டை தீந்துபோச்சு."

ரோல்ஃப் லேசில் விடுகிற ஆள் இல்லை. கோட்டின் அந்த ஒற்றைக் கையையும் கழற்றிவிட்டு, முழங்கை ஊன்றி உட்கார்ந்தார். "இருங்க, இருங்க. கார் பக்கத்துல நின்னு பேசினாங்கன்னே வெச்சுக்குவோம். பேச்சு முத்திப் போய், அங்கேயே அடிச்சிருக்கலாமில்ல? செருப்பு, கோட்டு எல்லாம் அதுக்கும் பொருந்துமே."

நியாயமான கேள்வி. சற்று முன்பு வரை மார்லிஸின் கட்சியும் அதுதானே. வண்டி நின்றது, விளக்கு எரிந்தது, புகை வந்தது, அப்புறம் வண்டி போனது. எஸ்தர் லிண்ட் அம்மாள் பார்த்தது அவ்வளவுதான். நடுவில் வரிசையாக ஸ்ப்ரூஸ் மரங்கள், ஆளைப் பார்க்க முடியாது.

"அந்தம்மா வண்டி போறப்ப என்னமோ சொன்னாங்களே" என்றாள் மெதுவாக. "யாருக்காவது ஞாபகம் இருக்கா?"

"வெண்டெல் வண்டிதான்னு எப்படித் தெரியும்னு வக்கீல் கேட்டாரு" என்றாள் ரமோனா. "ஹார்ன் சத்தம் தொண்டை கட்டின மாதிரி இருக்கும், அதை வெச்சு அடையாளம் சொன்னாங்க."

"ஹார்ன்!" என்று மார்லிஸ் எழுந்துவிட்டாள்.

நீதிபதிக்குச் சீட்டு போயிற்று: எஸ்தர் லிண்டின் சாட்சியத்தில் அந்தப் பகுதியை மறுபடி படிக்கக் கேட்க வேண்டும். ஜூரியை வரிசையாகக் கீழே அழைத்துப் போனார்கள். வெண்டெல் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தான்; பின்வரிசையில் அவன் மனைவி ஐரீன், மடியில் அவனுடைய குளிர்கோட்டைத் தயாராக வைத்துக்கொண்டு. தீர்ப்பு என்று நினைத்து அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. மார்லிஸால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

சுருக்கெழுத்துக்காரப் பெண் ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தாள். "கேள்வி: அது மிஸ்டர் ஃபாஸுடைய வண்டிதான் என்று எப்படித் தெரியும்? பதில்: ரோட்டு முனைக்கு வந்ததும் வழக்கம் போல ரெண்டு தடவை ஹார்ன் அடிச்சான். அந்தக் கரகரப்பு அவன் வண்டிக்குத்தான் உண்டு. கேள்வி: பிறகு? பதில்: பிறகு என்ன, போயிட்டான். நான் திரையை இழுத்துவிட்டுட்டு உள்ள வந்துட்டேன்."

வழக்கம் போல. அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் வெண்டெல் தலையை நிமிர்த்தினான். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அரசு வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே வந்து கதவைச் சாத்தியதும் மார்லிஸ் கேட்டாள். "ரோட்டு முனையில ரெண்டு தடவை ஹார்ன் யாருக்கு அடிப்போம்?"

யாரும் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "வாசல்ல நின்னு கையாட்டறவங்களுக்கு" என்றார் ரோல்ஃப். சொன்னபிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவருக்கு உறைத்தது. முகம் மாறிப்போய் நாற்காலியில் சாய்ந்தார்.

"மண்டை உடைஞ்சு கிடக்கற ஆளுக்கு யாரும் ஹார்ன் அடிச்சு விடை சொல்ல மாட்டாங்க" என்றாள் மார்லிஸ். "அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு, நான் இங்கதான் இருந்தேன்னு சொல்லிட்டுப் போற கொலைகாரன் யாரு? வண்டி ரோட்டுக்கு வந்தப்ப லாய்ட் உயிரோட நின்னிருக்கார். கோட்டோட, செருப்போட, கையை ஆட்டிக்கிட்டு. அப்புறம்தான் கொட்டகையில எவனோ மோட்டாரைக் கழட்டற சத்தம் கேட்டிருக்கணும். அப்படியே, அந்தக் கோலத்துலயே போய்ப் பாத்திருக்கார்."

"நாம அப்படி நினைக்கணும்னே அடிச்சிருந்தா?" ரோல்ஃபின் குரலில் இப்போது பழைய பிடி இல்லை. நிச்சயப்படுத்திக்கொள்ளக் கேட்டார்.

பதில் டெல்மரிடமிருந்து வந்தது. "திட்டம் போட்டு அடிச்சிருந்தா, கூண்டுல ஏறினதும் முதல்ல அதைத்தானே சொல்லியிருப்பான்? ஒரு வார்த்தை சொல்லலையே. தான் ஹார்ன் அடிச்சதே அவனுக்கு ஞாபகம் இல்ல. நமக்கு இருக்குமா?"

தொப்பி மறுபடி சுற்றி வந்தது. ரோல்ஃப் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துப் படித்தார். இல்லை. இல்லை. இல்லை. கடைசிச் சீட்டைப் படித்ததும் யாரோ விசும்பினார்கள். பார்த்தால் மார்லிஸ். பேருந்தில் பிள்ளை வாந்தி எடுத்தாலும் முகம் கோணாதவள், மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். டெல்மர் தன்னுடைய கசங்கிய கைக்குட்டையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"சாப்பாட்டுக்குப் போயிருந்தா அவன் கதை முடிஞ்சிருக்கும், டெல்மர். நான்தான் முடிச்சிருப்பேன்."

"போகலையே" என்றார் டெல்மர். "நாம என்னிக்கு சொன்ன உடனே போயிருக்கோம்?"

அழுகையோடு அழுகையாக அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது. மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவள் முழுசாக மூச்சு விட்டாள்.

தீர்ப்பைப் படித்தபோது வெண்டெலுக்கு முதலில் புரியவில்லை. 'இல்லை' என்ற சொல்லை வக்கீல் அவன் காதில் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. ஐரீன் கோட்டைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்து, கட்டிக்கொள்ளத் தெரியாமல், அதை அவன் தோளில் போர்த்திப் பட்டனைப் போட்டுவிட்டாள். உண்மையில் கொன்றது யார் என்று மறுபடி முதலிலிருந்து விசாரிக்க வேண்டும் என்று ஷெரிஃப் யாரிடமோ சொல்லிக்கொண்டு போனார். அதைக் கேட்டதும் ஜூரர்களில் நாலைந்து பேர் நல்ல சத்தமாகவே "ஆமா" என்றார்கள்.

வெளியே மார்ச் மாத வெயில் அடித்து, நீதிமன்றப் படிகளில் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே வெர்லின் பிக்கப்பை ஓடவிட்டுக் காத்திருந்தான். மார்லிஸ் பத்துப் பேரிடமும் ரமோனாவிடமும், "சரி, அப்ப கிளம்பறேன்" என்றாள். ரமோனாவுக்கு ஒருநாள் சாப்பிட வா என்று சொல்லி, வழி சொல்லி, சொன்ன வழியில் பாலம் பழுது என்று வேறு வழி சொன்னாள். டெல்மரின் மாட்டுக்கு என்ன மருந்து என்று கேட்டாள். ரோல்ஃபின் மருமகனுடைய பனி வண்டி என்ன விலை என்றுகூடக் கேட்டாள். கீழே வெர்லின் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, தன் பெண்டாட்டியை வாயைப் பிளந்து பார்த்தான்.

படியின் மறுகோடியில் வெண்டெல் நின்றிருந்தான். ஐரீன் காரில் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. அவன் தன் வக்கீலிடம் "சரி, அப்ப கிளம்பறேன்" என்று மூன்றாவது தடவையாகச் சொல்லிவிட்டு, கிளம்பாமல், மார்லிஸ் பக்கம் வந்தான். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான். என்னவோ சொல்ல வந்தவன், அந்த வார்த்தைகள் தன்னிடம் இல்லை என்று கண்டு, அவள் பூட்ஸைப் பார்த்தான். அவளும் அவனுடைய பூட்ஸைப் பார்த்தாள். பனி உருகுவது நல்லதுதான் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

கடைசியில் வெண்டெல் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"மான் குறுக்க வரும்" என்றான். "பாத்துப் போங்க."

"பாத்துப் போறோம்" என்றாள் மார்லிஸ். அவளுக்கு மறுபடி கண் கலங்கியது.

வண்டியில் ஏறியதும் வெர்லின் பொருமினான். "கிளம்பறேன்னு சொல்லி எவ்வளவு நேரமா நிக்கறே? எஞ்சின் ஓடிட்டே இருக்கு, பெட்ரோல் என்ன சும்மாவா வருது?"

மார்லிஸ் அவனைப் பார்த்தாள். நாற்பது வருடக் கோபத்தைத் தேடிப் பார்த்தாள்; ஒன்றும் கையில் அகப்படவில்லை.

"பேசாம ஓட்டு" என்றாள்.

ரோட்டு முனைக்கு வந்ததும் அவள் எட்டி, வெர்லினின் கைக்குக் குறுக்கே தன் கையை நீட்டி, ஹார்னை இரண்டு தடவை அழுத்தினாள். படியில் வெண்டெல் இன்னும் நின்றுகொண்டிருந்தான். தொப்பி பிடித்திருந்த கையை உயர்த்தி, வண்டி திரும்பி மறைகிற வரைக்கும் ஆட்டினான்.